மாமாவை விட்டுப் போன வலி

வலிக்குக் கால் உண்டு, ஓர் உடம்பை விட்டு இன்னோர் உடம்புக்கு நடந்து போகும் என்று சின்ன வயதில் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். மாமாவின் தோளில் போட்ட ஊசிதான் அதற்குக் காரணம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர், எங்களோடுதான் இருந்தார். அவர் கடலுக்குள் இறங்கும்போது வள்ளத்தில் நின்று அவர் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்திருப்பவர் என் அப்பா. பெண்டாட்டியின் தம்பியைக் கடலில் விட்டுவிட்டு எவனும் வீடு திரும்பத் துணியமாட்டான் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. வேறு யார் கயிறு பிடித்தாலும் மாமா இறங்கமாட்டார்.

அந்த வருஷம் அவருடைய வலது தோள் வீங்கி, சட்டை மாட்டிவிடவே அம்மா வேண்டியிருந்தது. அப்பா ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். மரத்துப்போக ஒன்றும் வீக்கம் வற்ற ஒன்றுமாக இரண்டு மருந்தைக் கலந்து, டாக்டர் நீள ஊசியைத் தோளுக்குள் இறக்கினார்.

"வலி போயிரும். ஆனா தோள் இன்னும் ஆறல. ஒரு வாரத்துக்குள்ள கடல்ல இறங்குனா உள்ள தசைநார் அந்துரும், பாத்துக்கோங்க" என்று அப்பாவிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா தோளைக் காட்டி, "ஏளா, கிள்ளு" என்றார். கிள்ளினேன். "இன்னும்." நகம் பதிந்து ரத்தம் கசிந்தது. அவர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். செத்தவரைக் கிள்ளியதுபோல இருந்தது; கையை இழுத்துக்கொண்டேன். அவ்வளவு வலியும் எங்கே போயிற்று?

மரப்பு விட்ட பிறகும் வலி திரும்பவில்லை. "காலைல கடலுக்குப் போறோம் அத்தான்" என்றார் மாமா. அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "வலியே இல்லங்கேன், பொறவென்ன?" என்று மாமா கையைச் சுழற்றிக் காட்டினார்.

விடிந்தபோது அப்பா பாயை விட்டு எழவில்லை. காய்ச்சலில்கூடப் படுத்தறியாத மனிதர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். கயிறு பிடிக்க ஆளில்லாமல் மாமா வாசலில் நின்று ஏசித் தீர்த்தார்.

எனக்கு விளங்கிவிட்டது. ஊசிக்குப் பயந்து தோளை விட்டு ஓடிய வலி, ராத்திரி வீட்டுக்குள் அலைந்து அப்பாவைப் பிடித்திருக்கிறது. அடுத்தது நான்தான். அந்த வாரம் முழுவதும் கைகாலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு கிடந்தேன். இருட்டில் அந்த முனகல் மெல்ல என் பக்கம் ஊர்ந்து வருவதாகத் தோன்றும். அம்மாவிடம் சொல்லி அழுதேன். அவள் அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு, "உன்கிட்ட வராதுளா" என்று கட்டிக்கொண்டாள்.

வாரம் முடிந்த காலையில் அப்பா தானாக எழுந்து முகம் கழுவி, மாமாவோடு கடலுக்குப் போனார். வலி இப்போது யாரிடம் போயிருக்கும் என்று, தெருவில் நொண்டிப் போகிறவர்களையெல்லாம் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் அப்பாவுக்கு ஒரு வலியும் இல்லை என்பது எனக்குப் புரிந்தது பல வருஷம் கழித்து, நிஜமாகவே புற்றுநோய் வந்து அவருக்கு எலும்பெல்லாம் வலித்தபோதுதான். அப்போது அவர் ஒரு தடவைகூட முனகவில்லை.