மடியில் கட்டிய பயறு

போன வருடம் மாசி மாதம், காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. எனக்கு ஊர் உத்திரமேரூர். கடைத்தெருவை ஒட்டிய சந்தில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. அதற்கப்புறம் நான் படித்ததெல்லாம் அளவு கொடுக்க வருகிறவர்களின் வாயிலிருந்துதான். ஆளுக்கொரு பழமொழி வைத்திருப்பார்கள். நல்லதாக ஒன்று காதில் விழுந்தால் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன்.

எழுதிக்கொள்ளாமல் விட்டதும் ஒன்று உண்டு. "மலடிக்குத் தெரியுமா பிரசவ வேதனை." கல்யாணமாகி எட்டு வருடத்தில் அதை எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! பிரசவ வேதனை எப்படியிருக்குமோ, மாதாமாதம் நான் பட்ட வேதனை எனக்குத் தெரியும். அடிவயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி இருக்கும். பெடலை மிதிக்கக் காலில் தெம்பிருக்காது. வெட்டிப்போட்ட துணிமேலேயே சுருண்டு படுத்துக்கொள்வேன். தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது அப்படிப் படுத்து, ஊர்ப்பட்ட பேச்சு வாங்கியிருக்கிறேன்.

என் ஓரகத்தியும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம், அடுப்பு மட்டும் தனித்தனி. என் வீட்டுக்காரருக்கு அண்ணன் மனைவி, என்னைவிட மூன்று வயது பெரியவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மூன்று பிள்ளைகள் அவளுக்கு. வழக்கமில்லாத வழக்கமாக மூன்றாவதற்கும் வளைகாப்பு நடத்திய அன்று எனக்கு வலி வந்து உள்ளறையில் படுத்துவிட்டேன். கூடத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

"எல்லா பொம்பளைக்கும் வர்ற வலிதானே? இவளுக்கு மட்டும் இன்னா மகாராணி வலி! என் வளைகாப்பு அன்னிக்கா பாத்து வரணும்?"

கூடமே சிரித்தது. பிள்ளையில்லாதவள் வயிற்றெரிச்சலில் படுத்துக்கொண்டாள் என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். அன்றோடு எங்களுக்குள் பேச்சு அற்றுப்போயிற்று. உப்பு தீர்ந்தால் கேட்போம், புளி தீர்ந்தால் கேட்போம், அவ்வளவுதான். நாலு வருடம் அப்படியே ஓடியது.

வலி தாங்காமல் ஒருநாள் கடையிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் காஞ்சிபுரத்துக்குப் போனேன். வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் லீவு இல்லை. அவர் கேட்டுக்கொண்டதற்காக ஓரகத்தி துணைக்கு வந்தாள். டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஒரு பேர் சொன்னார். எண்டோமெட்ரியோசிஸ். இரண்டு தடவை சொல்லச் சொல்லி அளவு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

"கர்ப்பப்பைக்கு உள்ள இருக்கிற மாதிரி சதை, வெளியிலயும் வளர்ந்திருக்கும்மா. மாசாமாசம் அதுவும் சேர்ந்து கசியுது. ரெண்டு சினைப்பையிலயும் கட்டி. இடது பக்கம் குடலோட ஒட்டிக்கிட்டிருக்கு. இவ்வளவு வலியை இத்தனை வருஷம் எப்படிம்மா தாங்கினே?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆபரேஷன் செய்துதான் ஆகவேண்டும், முடிந்தவரை கட்டியை மட்டும் எடுப்போம், சினைப்பையையே எடுக்க வேண்டி வந்தாலும் வரலாம் என்றார் டாக்டரம்மா.

"ரெண்டையுமா?" என்று கேட்டது நானில்லை, அக்கா.

"உள்ளே பார்த்தாத்தான் தெரியும்."

திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் டிக்கெட் அவளே எடுத்தாள். செய்யாற்றுப் பாலம் தாண்டும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். "ஆஸ்பத்திரியில படுக்கறதுக்கு முன்னாடி திருப்புட்குழிக்குப் போய்ட்டு வந்துடலாம். பயறு நான் வறுத்துத் தரேன்."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருப்புட்குழிக் கோயில் தாயாரை, வறுத்த பயறை முளைக்க வைக்கும் தாயார் என்பார்கள். பிள்ளை வரம் கேட்கிறவர்கள் வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு ராத்திரி படுக்க வேண்டும். விடிந்து அவிழ்க்கும்போது முளை விட்டிருந்தால் பிள்ளை உண்டு. வறுத்தது எங்காவது முளைக்குமா என்று கேட்காதீர்கள். அதற்குத்தானே தாயாரிடம் போவது!

எங்களுக்கு எட்டுகிற தூரம்தான், ஆனாலும் எட்டு வருடத்தில் நான் அங்கே போனதில்லை. பயம். முளைக்காமல் போய்விட்டால்? தெரியாமல் இருக்கிறவரைக்கும் ஆசைக்கு உயிர் இருக்கும். அந்த உயிரைக் கையில் பிடித்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருந்தேன். இப்போது ஒத்துக்கொண்டதற்குக் காரணம், சீக்கிரமே கத்தி வைக்கப்போகிறார்கள் என்பதுதான். இனிமேல் கேட்பதற்கே இடமில்லாமல் போகலாம்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் காலையில் போனோம். பயறை அவளே மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். தண்ணீரில் நனைத்ததும் அவள்தான். நான் கை நீட்டியதற்கு, "நீ சும்மா கும்பிட்டுக்கினு இரு" என்று அதட்டினாள். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. படுக்கை கொடுத்ததும் முடிச்சை என் மடியில் வைத்து இறுகக் கட்டினாள். ஜாக்கெட்டுக்கு அளவெடுக்க நான் எத்தனையோ பேருடைய வயிற்றருகே கை கொண்டுபோயிருக்கிறேன். என் வயிற்றின்மேல் அப்படி மெதுவாக யாரும் கை வைத்ததில்லை.

பொழுது விடிந்ததும் அவள்தான் அவிழ்த்தாள். என் கண் மூடியிருந்தது.

"ஏய், கண்ணத் தொற. மொளைச்சுட்டுகீதுடி!"

வெள்ளை வெள்ளையாக, அரிசிக் குருணைபோலச் சின்னச் சின்ன முளைகள். பக்கத்துப் படுக்கை அம்மா, "காட்டும்மா, நானும் கண்ணுல ஒத்திக்கறேன்" என்று கை நீட்டினாள். வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீ குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார்.

துணியை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கப் பார்க்க ஏதோ உறுத்தியது. நாள் முழுக்க ஜாக்கெட் துணிக்கு நூல் பொருத்துகிற கண் அல்லவா? ஒரே பச்சை என்று கடைக்காரர் கொடுக்கும் இரண்டு நூல்கண்டை வேறு வேறு என்று சொல்கிற கண். முளைத்திருந்ததெல்லாம் பளிச்சென்ற பச்சை. நடு நடுவே பழுப்பேறிய பயறு கிடந்தது. அதில் ஒன்றுகூட முளைக்கவில்லை.

"அக்கா, இது ரெண்டு நெறமா கீது."

"லைட்டு அப்பிடி."

"நூல் நெறம் பாக்கறவகிட்டயா சொல்ற?"

அவள் முகம் செத்துப்போயிற்று. உடனே பழைய வாய் வந்துவிட்டது. "ஆமாண்டி! அரைப்பிடி வறுத்தேன், அரைப்பிடி பச்சையாப் போட்டேன். இப்ப இன்னா, போலீசுல சொல்லப் போறியா?"

"தாயாரையே ஏமாத்திட்டியே அக்கா."

"அவள யாரு ஏமாத்துனது? அவளுக்குன்னுதான் அரைப்பிடி வறுத்து வெச்சேனே, இஷ்டமிருந்தா மொளைக்க வெக்கட்டும். பச்சையாப் போட்டது உனக்கு. காலையில அவுக்கறப்போ ஒண்ணுகூட மொளைக்காம இருந்துச்சின்னா, நீ இன்னா தெம்புல உள்ள போவ?"

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அவள் என் கால்மாட்டில் உட்கார்ந்து மெட்டியைக் கழற்ற ஆரம்பித்தாள். உள்ளே போகும்போது உடம்பில் உலோகம் இருக்கக்கூடாதாம். இறுகிக் கிடந்தது. எண்ணெய் தொட்டு மெல்லத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கி மகாராணி வலின்னு சொன்னேனே..."

என் பாதத்தில் சொட்டியது எண்ணெயில்லை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். என் நோட்டில்கூட அது இருக்கிறது. தனக்கு வராமலே ஒருத்தி அதைத் தெரிந்துகொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "விடுக்கா" என்றேன். மெட்டியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு, தள்ளுவண்டியைப் பிடித்தபடி ஆபரேஷன் தியேட்டர் கதவு வரைக்கும் நடந்து வந்தாள்.

மயக்கம் தெளிந்ததும் என் கை வயிற்றுக்குத்தான் போயிற்று. கட்டுப் போட்டிருந்தது.

"ரெண்டும் போச்சா அக்கா?"

"எடது பக்கம் எடுத்துட்டாங்க. வலது பக்கம் கட்டிய மட்டுந்தான் எடுத்தாங்களாம். ஒண்ணு கீதுடி."

நான் அழுதேன். போனதற்கா இருப்பதற்கா என்று எனக்கே தெரியவில்லை.

"இன்னாத்துக்கு அழுவற? ஊசியில நூல் கோக்கறப்போ ஒரு கண்ண மூடிக்கினுதானே கோக்கற? ஒண்ணு போதும்."

சிரித்தால் தையல் பிடித்து இழுத்தது. "சிரிக்க வெக்காதக்கா, வலிக்குது" என்றேன். அவள் பதறிப்போய்ச் சிஸ்டரைக் கூப்பிட ஓடினாள். வலிக்கிறது என்று நான் சொன்னதற்கு அவள் ஓடியது அதுதான் முதல் தடவை.

ஒரு வருடம் தாண்டிவிட்டது. வலி பெரும்பாலும் விட்டுவிட்டது, திரும்பியும் வரலாம் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். பிள்ளை இன்னும் இல்லை. மாதாமாதம் நாள் எண்ணுகிறேன். இப்போது அக்காவும் எண்ணுகிறாள். அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாடி?" என்பாள். இல்லை என்று நான் தலையாட்டுவேன். "சரி, வா, நாஷ்டா துண்ணு" என்று தன் அடுப்பிலிருந்தே இரண்டு இட்லி வைத்து நீட்டுவாள்.

முளைத்த பயறை அக்கா எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஊன்றிவிட்டாள். செடியாகி, காய்த்து, பிள்ளைகள் பறித்துத் தின்று தீர்த்துவிட்டார்கள். வறுத்த அரைப்பிடியை நான் கொடுக்கவில்லை. காயவைத்து, பட்டன் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். கொக்கி தேடும்போது கையில் படும். ஒன்றாவது முளை விட்டிருக்கிறதா என்று பார்க்காமல் அந்த டப்பாவை மூட என்னால் முடிவதில்லை. ஏக்கம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அதை மடியில் கட்டிக்கொண்டு நான் ஒருத்தியே விடியலுக்குக் காத்திருக்கவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து, அதன் பாரம் பாதியாகிவிட்டது.