வேகனின் நான்கு வளையங்கள்

நான்கு வளையங்களையும் அறுத்தெடுத்துவிட்டால் என் வேகனைக் கண்காட்சியில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மாட்டேன் என்றேன். அதில் எனக்கு இன்றுவரை துளி வருத்தம் கிடையாது.

கள்ளக்குறிச்சியில் எனக்கு ஜவுளிக்கடை. ரயில் பார்க்க வேண்டுமென்றால் அப்போதெல்லாம் பக்கத்து ஊருக்கு பஸ் ஏற வேண்டும். ரயிலே வராத ஊரில் உட்கார்ந்துகொண்டு ரயில் பொம்மை செய்கிறவனை என்னென்ன சொல்லலாமோ அவ்வளவும் சொல்லிவிட்டார்கள். பொம்மை என்ற வார்த்தைக்கு மட்டும் நான் சண்டைக்குப் போவேன். பொம்மைக்கு அளவு தேவையில்லை. நான் செய்வது பத்தில் ஒரு பங்கு. ஒரு ஆணி எங்கே இருந்தது என்று தெரியாமல் அந்த ஆணியை அடிக்க மாட்டேன்.

ஆணி எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு. எங்கள் பக்கத்து மீட்டர் கேஜ் பாதையைப் பெயர்த்து அகலப்பாதை போட்டதும், பழைய சரக்கு வேகன்கள் ஏலத்தில் போய்விட்டன. பாதி காயலான் கடையில் துண்டாகியிருக்கும். நான் பழைய கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளைக்குப் பின்னால் ரயில் தெரிகிறதா என்று பார்த்தேன். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்களுக்குக் கடிதம் எழுதினேன். சிலர் பதில் போட்டார்கள், சிலர் நான் வேலை கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு முழு வேகன் கடைசியில் தானாகக் கிடைத்தது. கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு விவசாயி வீட்டுக்குக் கல்யாணத் துணி கொண்டுபோயிருந்தேன். மக்காச்சோளம் கொட்டி வைத்திருந்த கொட்டகையைப் பார்த்தேன், அது கொட்டகை இல்லை. சக்கரம் மட்டும் இல்லாத மீட்டர் கேஜ் சரக்கு வேகன். ஏலத்தில் எடுத்து லாரியில் ஏற்றி வந்தார்களாம். துணிக்கட்டை இறக்காமலே அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அந்த வீட்டம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது நினைவிருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை கடையின் மீட்டர் கோலை எடுத்துக்கொண்டு போய் அங்குலம் விடாமல் அளந்தேன். அப்போதுதான் வளையங்கள் கண்ணில் பட்டன. கதவுக்கு அடியில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு இரும்பு வளையம், வெல்டிங் வைத்தது. எந்த வரைபடத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை.

அதற்கு விடை என் கடை வாசலிலேயே இருந்தது. கருணாபுரத்துக்காரர் ஒருவர் எதிர்க் கடை ஓரம் உட்கார்ந்து கிழிந்த சாக்கு தைத்துக்கொண்டிருப்பார். என் வயதுதான். ஒரு கால் முட்டிக்குக் கீழே வளைந்திருக்கும். இருபது வருஷம் சேர்ந்து டீ குடித்திருக்கிறோம், காலைப் பற்றி நான் கேட்டதில்லை. நான் வரைந்து வைத்திருந்த தாளை எடுத்துப் பார்த்தவர் வளையத்தின்மேல் விரலை வைத்தார்.

"இத்த நான்தான் வெக்கச் சொன்னன் பாய்."

மெல்ல மெல்லச் சொன்னார். பக்கத்து ஊர் ரயிலடியில் அவர் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலம். அந்தப் பாதையிலேயே சில்லறைச் சரக்குக்கென்று போய் வந்துகொண்டிருந்த வேகன் அது. மலையிலிருந்து வந்த புளியும் கடுக்காயும் ஏற்றுவார்கள். தரைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு பலகை சாத்தி அதன்மேல் மூட்டையோடு ஏற வேண்டும். ஒரு மழை நாளில் பலகை வழுக்கியது. கால்மேல் மூட்டை, மூட்டைமேல் பலகை. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே அவர் கூட்டாளிகளிடம் சொல்லியனுப்பினார்: பலகை மாட்ட வளையம் வைக்கிறவரைக்கும் ஒரு மூட்டை ஏறக்கூடாது. நான்கு நாள் ஏறவில்லை. ஐந்தாம் நாள் வெல்டர் வந்தார். எந்தக் காகிதத்திலும் ஏறாத வேலை அது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். சக்கரம் இல்லாமல் போனாலும் போகட்டும், வளையம் இல்லாமல் என் வேகன் வெளியே போகாது.

எட்டு மாதம் செய்து முடித்து, சென்னையில் நடக்கும் மாதிரி ரயில் கண்காட்சிக்குப் படமும் அளவும் அனுப்பினேன். பதில் வந்தது. நீளம் கம்மி, வளையம் என்பதே கிடையாது, இரண்டையும் திருத்தினால் பரிசீலிக்கலாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேரில் போய் அளந்தவன் நான், தாளைப் பார்த்துப் பேசுகிறவர்கள் அவர்கள். மறுபடி அளந்து, கோலோடு ஃபோட்டோ எடுத்து மூஞ்சியில் அடிக்கிற மாதிரி அனுப்புகிறேன் என்று கிளம்பினேன். சாக்குக்காரரும் கூட வந்தார்.

வேகனை அவர் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கோலை வைத்து ஒன்று, இரண்டு என்று போய்க்கொண்டிருந்தேன். மூன்றாவதில் அவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"இன்னா பாய், வேகனுக்குத் துணி கிழிக்கிறியா?"

குனிந்து பார்த்தேன். கோல் முடிகிற இடத்தில் என் கட்டை விரல் இருந்தது. விரலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த மீட்டரைத் தொடங்கியிருந்தேன். துணிக்கடையில் அப்படித்தான் அளப்போம். மீட்டருக்கு ஒரு கட்டை விரல் அகலம் வாங்குகிறவருக்குப் போகும். என் அத்தா கடை நடத்திய காலத்துப் பழக்கம், கை தானாகச் செய்கிறது. முதல் தடவை அளந்தபோதும் வேகனுக்குக் கோலுக்கு ஒரு விரல் வீதம் விட்டுக்கொடுத்திருக்கிறேன். ஆறு கோல் என்று எழுதிய நீளத்தில் ஆறு விரல் கணக்கில் வராமல் போயிருக்கிறது. கதவு ஒரு கோலுக்குள் அடங்கியதால் அது மட்டும் சரியாக வந்தது. அதனால்தான் என் மாதிரியில் கதவு பெரிதாகத் தெரிந்திருக்கிறது. எட்டு மாதமும் கண்ணை உறுத்தியதை நான்தான் அலட்சியம் செய்திருந்தேன்.

வெட்கமாகத்தான் இருந்தது. இரும்பு டேப் வாங்கி மறுபடி அளந்தேன். மாதிரியை ஆணி ஆணியாகப் பிரித்துப் புதிதாகச் செய்தேன். தப்பு என்னுடையது, அதை மறைக்கவில்லை, நீளம் தவறு என்று அவர்களுக்கே எழுதினேன். வளையத்தைத் தொடவில்லை, அதை நேரில் காட்டிப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கண்காட்சி அன்று இருவரும் வேகனை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். வாசலில் ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர் ஒவ்வொரு மாதிரியையும் சரிபார்த்து உள்ளே அனுப்பினார். மரியாதையான மனிதர்தான். நீளம் சரி, கதவு அருமை என்றார். வளையத்தில் நின்றுவிட்டார். அடிவாரத்து வேகனின் ஃபோட்டோவைக் காட்டினேன். ஆடு கட்டுவதற்கு அந்த விவசாயியே வைத்திருப்பார் என்றார். வளையம் அடிப்பக்கம் பாதிக்குமேல் தேய்ந்திருக்கிறதே, ஆடு இழுத்து இரும்பு தேயுமா என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்.

"நீளத்தில் தப்பு செய்தவர் நீங்கள். இதிலும் செய்திருக்கலாம் இல்லையா?"

"அது என் கை செய்த தப்பு சார். இது இவர் காலில் இருக்கிறது."

எஞ்சினியர் அந்தக் காலைப் பார்த்தார். வருத்தமாகத்தான் பார்த்தார். ஆனால் வரைபடத்தில் இல்லாததை அனுமதிக்க விதியில் இடமில்லை, அறுத்தெடுத்துவிட்டால் உள்ளே வைக்கலாம் என்றார். சாக்குக்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, அறுத்துடு பாய், வேகனாச்சும் உள்ள போவட்டும் என்றார். எனக்கு அவர்மேல்தான் அதிகக் கோபம் வந்தது. காலை உடைத்துக்கொண்டும் நான்கு நாள் மூட்டையை நிறுத்தியவருக்கு இங்கே என்ன பயம்? வேகனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வாசலுக்கு எதிரே டீக்கடை. பெஞ்சில் வேகனை வைத்தேன். உள்ளே போகிற ஜனங்கள் நின்று பார்த்தார்கள். என்ன வளையம் இது என்று ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சாக்குக்காரர் தன் துணிப் பையிலிருந்து ஒரு சின்னப் பலகையை எடுத்தார். ஒரு முனையில் இரண்டு கம்பிக் கொக்கி. என்னிடம் சொல்லாமலே செய்து வைத்திருக்கிறார், பத்தில் ஒரு பங்கு, அளவு கச்சிதம். கொக்கியை வளையத்தில் மாட்டி, மறுமுனையைப் பெஞ்சில் ஊன்றினார். டம்ளரிலிருந்த தண்ணீரைப் பலகைமேல் ஊற்றினார். கட்டை விரலை அதன் நடுவில் வைத்து, பெஞ்ச் ஆடும்படி பலமாக அழுத்தினார்.

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் விரலை எடுக்கவில்லை.

"வழுக்கல பாய்" என்றார்.