குழம்புத் தொகுதி

எண்பதுகளில் நான் ஏழாம் வகுப்பு. முதுகெலும்பில்லாத உயிர்கள் பாடம் வந்தபோது, அறிவியல் சார் ஆளுக்கொரு உயிரைக் கொண்டுவரச் சொன்னார். "வெறும் படத்தப் பாத்தா மண்டையில ஏறாது" என்றார். மண்புழு, மரவட்டை, நத்தை எல்லாம் மற்றவர்களுக்குப் போய், எனக்கு நண்டு வந்தது. நண்டென்றால் எனக்கென்ன கஷ்டம்? விக்கிரமங்கலத்துப் பக்கம் கூலிக்கு நடவு நட்டுவிட்டு வரும்போதெல்லாம், வரப்பு வளையில் கைவிட்டு நண்டு பிடித்து மடியில் கட்டி வருகிறவள் என் அம்மா.

"சாரு நண்டு கேட்டாரும்மா" என்றேன். பாழாய்ப்போன வாய், எதற்கென்று சொல்லவில்லை.

"நம்மகிட்டயா கேட்டாரு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மறுநாள் காலையில் மூடிபோட்ட தூக்குச்சட்டியைக் கையில் கொடுத்து, "வழியில தொறக்காத, ஈ மொய்க்கும்" என்றாள். நானும் பெருமையாகத் தூக்கிக்கொண்டு போனேன்.

வகுப்பில் அன்று கணுக்காலிகள் தொகுதி. "மேல கெட்டியா ஓடு இருக்கும். காலெல்லாம் கணுக்கணுவா இருக்கும். அத வச்சுத்தான் கணுக்காலின்னு சொல்றோம். எங்கேம்மா நண்டு?" என்றார் சார். மூடியைத் திறந்தேன். ஓட்டை உரித்து, காலையும் கொடுக்கையும் ஒடித்து, கழுவி மஞ்சள் தடவி வைத்திருந்தாள் அம்மா.

சார் கையால் தொடாமல் அளவுகோலால் ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். "ஓட்டையும் காணோம், காலையும் காணோம். இத எந்தத் தொகுதியில சேக்குறது?"

"கொழம்புத் தொகுதி சார்!" என்றான் கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. சாரும் சிரித்தார். எனக்கு மானம் போயிற்று. "வெளிய வச்சுட்டு வாம்மா" என்றார். தாழ்வாரத்தில் கொண்டுபோய் வைத்தேன். மூடக்கூடத் தோன்றவில்லை. மத்தியானத்துக்குள் காக்கைகள் தின்று தீர்த்திருந்தன.

சாயங்காலம் காலிச் சட்டியைப் பார்த்ததும் அம்மாவின் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. "சாரு வாங்கிக்கிட்டாரா?"

காக்கை கதையைச் சொல்ல வாய் வரவில்லை. "ம்" என்றேன்.

அன்றைக்குச் சோற்றுக்கு நண்டுக்கால் ரசம். வெறும் கால்கள்தான். தம்பி சதையைத் தேடித் துழாவினான். "சதைப்பத்தா இருந்ததெல்லாம் சாருக்குடா" என்றாள், ஏதோ கலெக்டருக்கே கொடுத்தனுப்பிய மாதிரி. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"திங்கத்தான் குடுக்குறதுன்னா, கொழம்பாவே வச்சுக் குடுக்க வேண்டியதுதானே? எதுக்குப் பச்சையாக் குடுத்த?"

அம்மா தம்பிக்காக ஒரு காலைக் கடித்து உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நாம ஆக்குனா அவங்க திம்பாங்களாடி? அவங்க வூட்டுச் சட்டியில அவங்களே ஆக்கிக்கட்டும்."

எனக்கு இன்னும் வெட்கமாகிவிட்டது. தன் சமையல் மேல் இவளுக்கே நம்பிக்கை இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அம்மா வைக்கிற நண்டுக் குழம்பு அவ்வளவு மோசமில்லையே.