பருத்திப்பட்டுக் கடலும் பால்ராஜ் அண்ணனும்

உலகத்தில் கடல்கள் ஏழு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எட்டு. எட்டாவது கடல் ஆவடிக்குப் பக்கத்தில், பருத்திப்பட்டில், எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறது. நீளம் நாலடி, அகலம் ஒன்றரை அடி. பசிபிக், அட்லாண்டிக் எல்லாம் அளவில் கொஞ்சம் பெரியவையாக இருக்கலாம். ஆனால் அவற்றுக்கு மூடி கிடையாது, சுவிட்ச் கிடையாது, தினமும் தண்ணீர் பதம் பார்க்க ஆள் கிடையாது. இந்தக் கடலுக்கு மூன்றும் உண்டு. நிலாவைப் பார்த்து ஏறி இறங்குகிற வேலையெல்லாம் இதனிடம் நடக்காது. பால்ராஜ் அண்ணன் பிளக்கைச் சொருகினால்தான் அலையே அடிக்கும்.

பால்ராஜ் அண்ணன் கேன் தண்ணீர் போடுகிறவர். ஒரே வீட்டில் நாங்கள் கீழே குடியிருக்கிறோம், அவரும் சரசா அக்காவும் மேலே. சொந்த ஊர் பாரிவாக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலையில் இருந்து, அது மூடியதும் குட்டியானை வண்டி ஒன்று வாங்கி, ஆர்.ஓ. பிளாண்ட்டில் கேன் நிரப்பித் தெருத்தெருவாகப் போட ஆரம்பித்தவர். சட்டைப் பையில் பேனா மாதிரி ஒரு மீட்டர் வைத்திருப்பார். தண்ணீரில் முக்கினால் எவ்வளவு உப்பு என்று நம்பர் காட்டும். ஒருமுறை என் அம்மா கொடுத்தனுப்பிய ரசத்தில் அதை முக்கிப் பார்த்துவிட்டு, "யக்கா, பயப்படாத, கடல விட கம்மிதான்" என்று ஆறுதல் சொன்னார். அம்மா ரொம்ப நாள் அவருக்கு ரசம் கொடுக்கவில்லை.

ஊருக்கெல்லாம் உப்பை எடுத்துவிட்டுத் தண்ணீர் விற்கிற மனிதர், தன் வீட்டில் மட்டும் அதே தண்ணீரில் பாக்கெட் பாக்கெட்டாகக் கடல் உப்பைக் கொட்டிக் கலக்குவார். இதை நான் தெருவில் சொல்லிச் சிரித்ததுண்டு. ஒரு கேனில் மீன் படம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டி, "மீன் குளித்த தண்ணீர், வாசனை இலவசம்" என்று எழுதி, பெரிய அடுக்குமாடியில் இருக்கிற ஒரு வீட்டுக்குப் போகவும் வைத்தேன். அந்த வீட்டுக்காரர்கள் மறுநாளே கேனை நிறுத்திவிட்டார்கள். என்னைத் திட்டுவார் என்று மாடிப்படிக்கு அடியில் ஒளிந்திருந்தேன். அண்ணன் ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"மதி, மீனுக்குக் கண்ணு தப்பான எடத்துல கீது. ராஸுக்கு இன்னும் கொஞ்சம் முன்னாடி வரணும்."

அவ்வளவுதான். ஸ்டிக்கரைப் பையில் போட்டுக்கொண்டு மேலே போய்விட்டார்.

ராஸ் என்பது பவளப் பாறைகளுக்கு நடுவில் திரிகிற ஒரு ஜாதி மீன். அதை அவர் முதன்முதலில் பார்த்தது அம்பத்தூரில் ஒரு மீன் தொட்டிக் கடையில். அங்கே தொட்டிகளுக்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும் என்று கேன் கேட்டிருந்தார்கள். தோளில் ஒரு கேனோடு உள்ளே போனவர், கண்ணாடிக்குள் ஒரு மஞ்சள் மீன் கல்லுக்குக் கல் நின்று நின்று, ஒற்றைக் கண்ணால் கல்லையும் இன்னொரு கண்ணால் தன்னையும் பார்ப்பதைப் பார்த்திருக்கிறார். கேனை இறக்காமலேயே நின்றுவிட்டாராம். கடைக்காரர் வந்து தோளைத் தட்டும்வரை நின்றாராம்.

"வெயிட்டே தெரியல மதி" என்றார் என்னிடம். இருபது லிட்டர் கேனைச் சுமக்கிறவர் சொல்கிறார்.

அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எட்டாவது கடல் உருவானது. பழைய தொட்டி, பழைய பம்பு, பாறை, பொடி மணல், பட்டன் பட்டனாக விரிகிற பவளம். சாயங்காலம் நீல விளக்கு எரிந்தால், மாடியில் பார் திறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஒருவர் படியேறியே வந்துவிட்டார். வந்தவர் தொட்டியைப் பார்த்துவிட்டு, வந்த வேலையை மறந்து, சரசா அக்கா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். நான் தினமும் மேலே போவது அவர்கள் வீட்டு வைஃபைக்காக. அதை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வாங்கிய இரண்டு ராஸ்களும் செத்துப்போயின. நோய் இல்லை, பட்டினி இல்லை. குதித்துவிட்டன. ராஸ் பயந்தால் மேலே பாயும். கடலில் பாய்ந்தால் மறுபடி கடலில்தான் விழும். நாலடிக் கடலில் பாய்ந்தால் ஹாலில் விழும். இரண்டு முறையும் காலையில் பெருக்கும்போது, காய்ந்த வெற்றிலை மாதிரி சுருண்டு கிடந்ததை எடுத்தது சரசா அக்காதான். இரண்டாவதை எடுத்தபோது துடைப்பத்தைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னொரு உசுரு இப்டிப் போச்சுன்னா தொட்டி இந்த ஊட்ல இருக்கக்கூடாது" என்றார். "நீ பாட்டுக்கு கேன தூக்கிகினு போயிடற. பெருக்கறது நானு. எடுக்கறது நானு. தம்பி வண்டிய எடுத்துகினு வந்து தூக்கிகினு போவட்டும்."

தம்பி என்றால் கோவில்பதாகையில் இருக்கும் அக்காவின் தம்பி குணசேகரன். சொன்னால் அன்றே வருகிற ஆள். அக்கா கோபத்தில் சொல்லவில்லை, அழுதுகொண்டு சொன்னார். அதனால் அண்ணன் கொசுவலையை வெட்டி, அலுமினியச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, தொட்டிக்கு ஒரு மூடி செய்தார். ஒரு விரல்கூட நுழையாதபடி ஓரமெல்லாம் தடவித் தடவிப் பார்த்தார்.

அப்புறம் மூன்றாவது வந்தது.

சிறுத்தை ராஸ். சுண்டுவிரல் நீளம். முதுகெல்லாம் ஆரஞ்சில் வெள்ளைப் புள்ளி, நெஞ்செல்லாம் கறுப்பில் நீலப் புள்ளி. கோலம் போடத் தெரிந்தவர் பொறுமையாக உட்கார்ந்து வைத்த மாதிரி ஒரு புள்ளிகூட ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. பாலித்தீன் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டபடி அண்ணன் அதன் பெருமைகளைச் சொன்னார். இது இப்போது பெண். இந்த ஜாதியில் எல்லாமே பெண்ணாகத்தான் வளரும். கூட்டத்தில் ஆண் இல்லையென்றால் இருப்பதில் பெரிய பெண் நிறம் மாறி, உடம்பு மாறி, ஆணாகவே ஆகிவிடும்.

"ஆம்பளயா ஆயிட்டா அதுக்கப்புறம் ஊட்டு வேல செய்யாதா?" என்றார் அக்கா.

"அதுக்கு ஏதுடி ஊடு?"

"அதான பாத்தேன். குடுத்து வெச்சது."

சிரித்துக்கொண்டே அண்ணன் பையைச் சாய்த்தார். மீன் வெளியே வந்தது. அது ஒரு முறை எங்கள் மூன்று பேரையும் பார்த்தது. சத்தியமாகப் பார்த்தது. அப்புறம் தலையைக் கவிழ்த்து நேராக மணலில் போய்க் குத்தியது. ஊசி துணியில் இறங்குகிற மாதிரி. மணல் லேசாகப் புகைந்து அடங்கியது. அங்கே ஒரு மீன் போனதற்கான அடையாளமே இல்லை. நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். என் வாய் சும்மா திறந்து நிற்பது அபூர்வம்.

"புது எடம். பயந்துகீது. தானா வரும்" என்றார் அண்ணன்.

வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும். அண்ணன் காலையில் லோடு எடுக்கப் போகும் முன் ஒரு தடவை, மத்தியானம் சோற்றுக்கு வரும்போது ஒரு தடவை, சாயங்காலம் முழுக்க என்று கண்ணாடிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மணலையே பார்த்தார். என்னால் அந்த மனிதர் மணலைப் பார்ப்பதைப் பார்க்க முடியவில்லை.

"அண்ணா, ஒரு கரண்டியால லேசா கிளறிப் பாக்கலாமா?"

"தூங்கறவங்க போர்வய இழுப்பியா நீ?"

"இழுப்பேன்."

"உன்னப் போயி கேட்டேன் பாரு." அப்புறம் சொன்னார்: "உயிரோட கீதுன்னா, தோண்டறதுலயே செத்துடும். செத்துட்டுகீதுன்னா, தோண்டி இன்னா பண்ணப்போறேன்? எப்டிப் பாத்தாலும் கைய வெக்கக்கூடாது."

வாரம் முடியப்போனது. சனிக்கிழமை அண்ணன் லோடில் இருந்தார். நான் மேலே போனபோது சரசா அக்கா தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார், அண்ணன் உட்காருகிற அதே இடத்தில். கையில் போன்.

"செத்துடுச்சு மதி. உள்ளயே செத்துடுச்சு. அந்தாளு வாயத் தொறந்து சொல்லமாட்டாரு, தெனம் வந்து பொணத்துக்குக் காவல் உக்காந்துகினு கீறாரு. என்னால பாக்க முடியல. நாளிக்கி வண்டிய எடுத்துகினு வாடான்னு குணாவ கூப்புடப் போறேன்."

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததென்று தெரியவில்லை.

"யக்கா, இன்னா நீ! காலைலதான் பாத்தேன். நீ தண்ணி புடிக்கக் கீழ போனியே, அப்ப. அந்தப் பாற பக்கத்துல வால ஆட்டிகினு ஜோரா போச்சு. உன்ன பாத்தாதான் அதுக்கு வெக்கம் போல."

"நெசமாவா?"

"என் மேல சத்தியமா." எனக்கு எதிலும் பாஸ் மார்க் வந்ததில்லை, இதில் மட்டும் நூற்றுக்கு நூறு.

அக்கா என் முகத்தையே பார்த்தார். அப்புறம் போனைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

கீழே வந்து படுத்தபோதுதான் நான் செய்தது புரிந்தது. அது செத்திருந்தால், நான் அக்காவுக்கு ஒரு மீனைக் கொடுத்துப் பிடுங்கியிருப்பேன். முன்பாவது அவருக்கு நம்பிக்கை இல்லாமல் இருந்தது.

ஞாயிறு போனது. குணசேகரன் வரவில்லை, மீனும் வரவில்லை. அக்கா மட்டும் வேலைக்கு நடுவே எட்டி எட்டிப் பார்த்தார். "எங்கிட்ட மட்டும் காட்டமாட்டேங்குது பாரேன்" என்று சிரித்தார். நான் போனைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் நான் தொட்டிக்கு முன்னால் தரையில் படுத்திருந்தேன். கண் மணல் மட்டத்தில் இருந்தது. ஜன்னல் வெயில் தண்ணீருக்குள் இறங்கி மணலில் வலைவலையாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த வலையில் ஓரிடம் மட்டும் ஆடவில்லை. உற்றுப் பார்த்தேன். மணலில் இரண்டு கண்கள்.

உடம்பு இல்லை, தலை இல்லை, வெறும் கண்கள். ஒன்று மேலே மூடியின் கொசுவலையைப் பார்த்தது. இன்னொன்று சுழன்று என்னிடம் வந்து நின்றது. நான் மூச்சுவிடவில்லை. அதுவரை என்னை யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்த நினைவு இல்லை, பரீட்சை ஹாலில்கூட. பிறகு மணல் ஒரு கோடாகப் பிளந்தது. வாய் வந்தது, நீலப் புள்ளி நெஞ்சு வந்தது, ஆரஞ்சு முதுகு வந்தது. ஒரு மணல்கூட ஒட்டாமல், அப்போதுதான் செய்து முடித்த மாதிரி, மொத்த மீனும் எழுந்து தண்ணீரில் நின்றது. இத்தனை நாளும் அந்தப் புள்ளிகள் எல்லாம் இருட்டில், ஒரு விரல் மணலுக்கு அடியில், யாரும் பார்க்காமலேயே அவ்வளவு அழகாக இருந்திருக்கின்றன. அதை நினைத்ததும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெயிலில் கண் கூசியதும் ஒரு காரணம்.

"யக்கா" என்றேன். குரல் வரவில்லை. மறுபடி, "யக்கா!"

அக்கா கையில் மாவோடு ஓடிவந்தார். வந்து, அப்படியே மெதுவாகத் தரையில் அமர்ந்தார். மீன் பாறையிடம் போய், ஒற்றைக் கண்ணால் ஒரு பொட்டைத் தேடி, டக்கென்று கொத்தியது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ பூச்சி. "சாப்புடுது, சாப்புடுது" என்று அக்கா என் தொடையில் மாவுக் கையால் அடித்தார்.

வாசலில் அண்ணன் நின்றார். கீழே வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்கான கேனைத் தோளில் எடுத்து வந்தவர். எங்கள் இரண்டு பேரின் முதுகைப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருக்கும். கேனை இறக்காமல் வந்து நின்றார். பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"மதிக்கு மொதல்லயே காட்டிடுச்சு, தெரியுமா? எனக்குதான் லேட்டு" என்று சொல்லிக்கொண்டே அக்கா மாவைப் பார்க்க அடுப்படிக்குப் போனார்.

அண்ணன் கேனை இறக்கிவைத்துவிட்டு என் பக்கத்தில் குந்தினார். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மதி, இப்ப பாரு. அது எப்டிப் போவுது?"

பார்த்தேன். இரண்டு பக்கச் சின்னத் துடுப்புகளும் மேலும் கீழுமாக அடித்துக்கொண்டிருந்தன, சிட்டுக்குருவி இறக்கை மாதிரி. வால் மடங்கி, எந்த வேலையும் செய்யாமல், சும்மா பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"ராஸு வால ஆட்டாது. ரெண்டு கையாலதான் போவும்" என்றார் தணிந்த குரலில். "சனிக்கிழம நைட்டே சரசா எங்கிட்ட சொல்லிச்சு. மதி பாத்துச்சாம், வால ஆட்டிகினு போச்சாம்னு."

எனக்குக் காது சுட்டது. விட்டுக்கொடுக்க மனசில்லை.

"பயந்தா ஆட்டும்ணா. பயத்துல ஆட்டிருக்கும்."

"ஆமா, பயந்தா ஆட்டும்" என்று தலையசைத்தார். மீன் ஒரு பாறையைச் சுற்றி மறைந்து, மறுபக்கம் வந்தது. அவர் அது வரும்வரை காத்திருந்து, அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஜோரா போச்சுன்னு சொன்னியாமே?"