பட்டு சுத்தின கம்பி

பேட்டரிக் கம்பிகளோட ரெண்டு முனையையும் நாக்கில் வைத்தால் புளிப்பாக ஒரு சுரீர்... மயில்துத்தமும் உப்பும் சேர்ந்த அந்தக் கசப்பு, சோறு தின்ற பிறகும் வாயை விட்டுப் போகாது. ஆரணியில் கரன்ட் விளக்கே வராத காலம். என் பேட்டரி ஓடுதா இல்லையா என்று பார்க்க அந்த நாக்கை விட்டால் வேறு வழி இல்லை.

வெள்ளைக்கார மகாராணி ஆட்சி அப்போது. பக்கத்துக் களம்பூர் ஸ்டேஷனுக்கு ரயில் வந்த புதுசு. நான் மிஷன் பள்ளியில் சின்ன வாத்தியார். பிள்ளைகள் குறைந்துபோச்சு, அடுத்த மாதத்தோடு உன் வகுப்பை மூடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் அம்மா, கல்யாணத்துக்கு நிற்கிற தங்கச்சி. கையும் ஓடலை, காலும் ஓடலை.

அப்போதான் ஸ்டேஷனில் தந்தி சிக்னலர் வேலை காலி என்று கேள்விப்பட்டு ஓடினேன். "மூணு வாரம் டைம். மிஷின் தட்டறத காதால கேட்டு எழுதிக் காட்டு. இல்லன்னா வேற ஆளு வரான்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

கேட்டுப் பழக மிஷினுக்கு எங்கே போக?

பள்ளி அலமாரியில் ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகம். அதில் படம் பார்த்து நானே செய்ய இறங்கினேன். தங்கச்சி தட்டணும், நான் கேட்டு எழுதணும், அதுதான் திட்டம். மயில்துத்தக் கரைசலில் ஒரு பேட்டரி, ஒரு இரும்பு போல்ட், அதைச் சுற்றிச் செம்புக் கம்பி. கரன்ட் ஓடினால் போல்ட் காந்தமாகி, மேலே இருக்கிற தகட்டை 'டக்' என்று இழுக்கும். ஆனால் ஒரு சுற்று அடுத்த சுற்றைத் தொடவே கூடாது. அதனால் கம்பி முழுக்கப் பட்டு நூல் சுத்தணும் என்று போட்டிருந்தது.

பட்டுக்கா பஞ்சம் நம்ம ஊரில்?

எதிர் வீட்டில் கன்னியப்பன் அண்ணனும் அவர் சம்சாரம் குப்பம்மா அக்காவும் தறி போட்டிருந்தார்கள். நூல் சுத்துவதில் அக்காவை அடிச்சுக்க ஆளில்லை. கம்பியையும் போல்ட்டையும் கொடுத்துவிட்டு, படிச்ச திமிரில் பெரிய லெக்சரே அடித்தேன். கரன்ட் எப்படி ஓடும், எதில் ஓடும்... "செம்பு என்னக்கா செம்பு, வெள்ளியா இருந்தா இன்னும் ஜோரா ஓடும்" என்று ஒரு வார்த்தையும் விட்டேன்.

அஞ்சாம் நாள் சுருள் வந்தது. மேலே போர்த்தினாற்போல் சிவப்புப் பட்டு, ஒரு பிசிறு இல்லை. பார்க்க அவ்வளவு அழகு.

இணைத்தேன். டக்கும் இல்லை, டிக்கும் இல்லை.

பேட்டரிக் கம்பியை நாக்கில் வைத்தேன், சுரீர். இணைப்புகளைக் கத்தியால் சுரண்டிச் சுத்தம் செய்தேன். தங்கச்சி தட்டுவதற்குச் செய்த சாவிக்கட்டையைத் தாண்டி நாக்கை வைத்தேன், அங்கேயும் சுரீர். சுருளைத் தாண்டி வைத்தேன், அங்கேயும் சுரீர்! கரன்ட் உள்ளே போகுது, வெளியே வருது, போல்ட் மட்டும் ஒரு குண்டூசியைக் கூட இழுக்க மாட்டேங்குது. கொல்லர் பட்டறையில் போல்ட்டை மாற்றி வந்தேன். ம்ஹூம். இப்படியே ஒரு வாரம் பேஜார். மண்டை காய்ந்துவிட்டது.

கடைசியில் அண்ணன் வீட்டுக்கே எடுத்துப்போய், அவர்கள் எதிரிலேயே மேலே போர்த்தியிருந்த பட்டைப் பிரித்தேன். அடியில் பளபளவென்று மஞ்சளாக ஏதோ மின்னியது.

ஜரிகை.

ஒரு இழை பட்டு, ஒரு இழை ஜரிகை என்று கம்பி நெடுக முறுக்கிச் சுத்தியிருந்தது. ஜரிகை என்றால் தங்க முலாம் பூசின வெள்ளிதானே. எல்லாச் சுற்றையும் ஒன்றோடு ஒன்று தொடவைத்துவிட்டது. கரன்ட் சுற்றி வராமல் குறுக்கே பாய்ந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"எந்த மடப்பய வேலை இது? என் பொழப்பே போச்சு!" என்று கத்தினேன். பெரியவங்க என்று கூடப் பார்க்கவில்லை.

அண்ணன் தறியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அக்காதான் மெதுவாகச் சொன்னார்கள். "நீதானே தம்பி சொன்னே... வெள்ளின்னா ஜோரா ஓடும்னு. ஒனக்கு வேலை கெடைக்கணும்னுதான்..."

"அவ்ளோ ஜரிகை ஏதுக்கா? மொதலாளி குடுத்ததா?"

"அவரு ஜரிகைய தொடுவனா? என் கூறைப் பொடவைதான். முந்தானைய பிரிச்சிகினேன்."

பேட்டரியில் வாங்காத ஷாக்கை அந்த நிமிஷம் வாங்கினேன். கல்யாணப் புடவை... அதை இழை இழையாகப் பிரித்து என் போல்ட்டில் சுத்தியிருக்கிறார்கள்.

திட்டு வாங்கிய அதே கையால் அக்கா எல்லாவற்றையும் பிரித்து, வெறும் பட்டு சுத்தி மூணே நாளில் கொடுத்தார்கள். ஜரிகை துண்டு துண்டாக அறுந்துபோயிருந்தது. எதற்கும் ஆகாது.

இணைத்தேன். டக்!

அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இன்னா தம்பி சொல்லுது?" என்றார்கள்.

"ஒண்ணும் இல்லக்கா, வெறும் டக்குதான்" என்றேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்காமல், குனிந்து தட்டிக்கொண்டே இருந்தேன்.

மிச்சமிருந்த ஒரு வாரமும் ராப்பகலாகத் தங்கச்சி தட்டினாள், நான் எழுதினேன். வேலை கிடைத்தது. அடுத்த மாதம் அக்கா தன் கூடப்பிறந்த தங்கச்சி கல்யாணத்துக்குப் பருத்திப் புடவையில் புறப்பட்டுப் போனதைப் பார்த்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. வேற ஸ்டேஷனுக்கு மாற்றலாகிப் போனேன்... அப்படியே முப்பது வருஷம் ஓடிவிட்டது.

இன்றைக்குக் கம்பியே இல்லாமல் கடல் தாண்டிச் சேதி போகிறது. என் மாப்பிள்ளை வீட்டிலேயே ரேடியோ செட் கட்டுகிறார். பட்டு சுத்தின கம்பி பட்டணத்துக் கடையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. யார் சுத்தினது என்று யாரும் கேட்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தச் செட் ஊமையாக இருந்தது. சுருளில்தான் கோளாறு என்று ஒரு நொடியில் சொல்லிவிட்டேன். "எப்படி மாமா? யாருகிட்ட கத்துகினீங்க?" என்றார் மாப்பிள்ளை.

"நானாவே கத்துகினேன்" என்றேன்.

யோசிக்கவே இல்லை, பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. முப்பது வருஷமாக எல்லோரிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எத்தனை ஆயிரம் பேருக்குத் தந்தி அடித்திருப்பேன்... அக்காவுக்கு ஒரு வரி போடவில்லை. இப்போது உயிரோடு இருக்கிறார்களா என்று கூட எனக்குத் தெரியாது.