நேற்றுப் பிடித்த தண்ணீர்

குழாயைக் கடக்கும்போதெல்லாம் அவருடைய கை தானாக நீண்டு ஒரு திருகு திருகிவிடும், சொட்டினாலும் சரி, சொட்டாவிட்டாலும் சரி. எங்கள் பல்கலைக்கழகத்துப் பெண்கள் விடுதிக்கு அவர்தான் மேற்பார்வையாளர். மாணவிகள் வைத்த பெயர் வால்வு அக்கா. ஒருமுறை, நான் பாடம் நடத்தும் துறைக்கு என்னைப் பார்க்க வந்தவர், பேச்சைப் பாதியில் விட்டு எழுந்துபோய், வராந்தாக் கடைசியில் இருந்த குழாயை இறுக்கிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பாம்புச் செவி என்று நான் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

மொட்டைமாடித் தொட்டியின் வால்வைத் திருப்பும் இரும்புச் சாவி எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். வளாகத்துக் கிணற்றில் தண்ணீர் இறங்கத் தொடங்கியதும், காலையும் மாலையும் மட்டும் விடுவது என்று அவரே முடிவு செய்தார். "வந்துக்கிட்டே இருந்தா அருமை தெரியாது மேடம்" என்பார். நாங்களும் ஆமாம் போட்டோம்.

கிணறோ முன்பைவிட வேகமாக வற்றியது. போன வருடம் தேர்வுக்கு முன்பே விடுதியை மூட வேண்டியதாயிற்று. ஊருக்குப் போனவர்களில் மூன்றாம் மாடியில் இருந்த வாயாடிப் பெண் மட்டும் திரும்பவில்லை. வீட்டில் அவளை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அக்காவிடம் சரிக்குச் சரி பேசியவள் அவள் ஒருத்திதான். அவளுடைய கட்டிலை அவர் இன்னும் யாருக்கும் ஒதுக்கவில்லை.

கிணறு அப்படி வற்றியதன் காரணம் இந்த வருடம்தான் பிடிபட்டது. கசிவு பார்க்க ஒரு காலையில் மாடிக்குப் போனவர், குளியலறையில் பெண்கள் நிறைந்த வாளிகளைக் கவிழ்ப்பதைப் பார்த்தார். ஏன் என்று கேட்டதற்கு ஒருத்தி, "நேத்துப் பிடிச்சதுக்கா. புதுசு வந்துடுச்சுல்ல" என்றாளாம். நின்றுவிடுமே என்ற பயத்தில் மாலையில் தேவைக்கு மேல் பிடித்து வைப்பார்கள். காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் பழையதைக் கொட்டிவிடுவார்கள். மாடிக்கு மாடி இதே கதைதான்.

இதைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மூடி மூடி நானே வத்த வச்சுட்டேன் மேடம். அந்தப் பொண்ணையும் நான்தான் அனுப்பிட்டேன்."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நாங்களும் ஆமாம் போட்டது நினைவுக்கு வந்தது.

அன்றே வால்வைத் திறந்து, சாவியைக் கழற்றி மேசைக்குள் போட்டுவிட்டார். அறை அறையாகப் போய், இனி எந்நேரமும் வரும், பிடித்து வைக்காதீர்கள் என்று சொன்னார். எல்லோரும் சமர்த்தாகத் தலையாட்டினார்கள். மாலையானதும் வாளிகள் நிரம்பின, காலையில் கவிழ்ந்தன. இத்தனை நாள் பயம் காட்டியவர் அவர்தானே, அவர் பேச்சை யார் நம்புவார்கள்? கிணறு மறுபடி இறங்கிக்கொண்டிருக்கிறது. தேர்வும் நெருங்குகிறது.

நேற்று மாலை நான் விடுதிக்குப் போனபோது, குளியலறையில் முதலாண்டுப் பெண் ஒருத்தி நிறைந்த வாளியோடு நின்றிருந்தாள். அக்கா அவளுக்கு முன்னால் குழாயை முழுதாகத் திறந்து, அதன் கீழே கையை ஏந்தினார். ஒரு சொட்டுக்கு எழுந்து ஓடுகிறவர், ஓடட்டும் என்று விட்டிருந்தார். தண்ணீர் விரல்களை மீறிக் கீழே போய்க்கொண்டிருந்தது.

"பாரும்மா, வருதுல்ல? ராத்திரியும் வரும். வால்வை நான் மூட மாட்டேன்."

"சரிக்கா" என்றாள் அவள். வாளியை மட்டும் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள்.

அக்கா குழாயை மூடினார். உள்ளங்கையில் மிஞ்சியிருந்ததைச் சிந்தாமல் கொண்டுபோய், அந்த நிறைந்த வாளியிலேயே ஊற்றினார்.