பச்சை முகத்துக்கு இட்ட குங்குமம்

எழுபதுகளின் நடுவில், வளைகுடா நாட்டு ராஸ் அல் கைமாவில் சிமெண்ட் தொழிற்சாலையை ஒட்டிய குடியிருப்பில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. மேற்கொண்டு படிக்க அங்கே வசதியில்லை என்பதால், வருகிற லீவில் என்னை ஊருக்கு அழைத்துப்போய்ச் சித்தி வீட்டிலேயே விட்டுவிடுவதென்று அப்பாவும் அம்மாவும் முடிவு செய்திருந்தார்கள். என்னிடம் லீவை மட்டும்தான் சொன்னார்கள். நானும் சித்தி வீட்டு ஊஞ்சலை நினைத்து நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டில் இத்தாலிக்காரர் ஒருவர், தொழிற்சாலைக்கு இயந்திரம் பூட்ட வந்தவர். அவர் மனைவியை மாமி என்று கூப்பிடுவேன். அதுதான் தன் பெயர் என்பதுபோல் அவரும் திரும்பிப் பார்ப்பார். அவரிடம் கனமான படப் புத்தகம் ஒன்று இருந்தது. அறுநூறு வருஷத்துக்கு முன்னால் அவர் ஊர் மாதா கோயிலில் படம் வரைந்த ஓவியனைப் பற்றியது. அவனுக்குப் பெயர் கிடையாது என்றார் மாமி. பெயரில்லாமல் அவன் அம்மா அவனை எப்படிச் சாப்பிடக் கூப்பிட்டாள் என்று கேட்டேன். பெயர் இருந்திருக்கும், யாரும் எழுதி வைக்கவில்லை என்றார். ஊர்க் காகிதங்களில் அவனைப் பற்றி மிஞ்சியது ஒரே ஒரு புகார்தான்: ஆற்றங்கரைப் படக்காரன் ஈஸ்டருக்குள் தருவதாகச் சொன்ன படத்தை இன்னும் தரவில்லை. பிறகு ஊருக்குள் கொள்ளைநோய் வந்தது. அவனைப் பற்றிப் பேச்சே இல்லை.

அவன் படங்களில் பின்னணி முழுக்கத் தங்கம். விரல்கள் வெண்டைக்காய் நீளம். எல்லோர் முகமும் லேசான பச்சை. அந்தக் காலத்தில் முகத்துக்கு முதலில் பச்சை பூசி, அதன்மேல் ரோஜா நிறம் தீட்டுவார்களாம். நாளாக ஆக மேல்பூச்சு தேய்ந்து பச்சை வெளியே வந்துவிட்டதாம். அன்று சாயங்காலம் கண்ணாடி முன் நின்று என் கன்னத்தையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். எரிச்சல்தான் மிச்சம்.

கெஞ்சிக் கூத்தாடி அந்தப் புத்தகத்தை ஒரு வாரத்துக்கு வாங்கி வந்தேன். வெள்ளிக்கிழமை அம்மா சாமி படங்களைத் துடைத்துவிட்டு, சந்தனமும் குங்குமமும் வைக்கச் சொல்லிக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தாள். அலமாரியில் இருந்த எல்லோருக்கும் வைத்தேன். மேஜைமேல் விரித்திருந்த பக்கத்தில் மாதா பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். தலைக்குப் பின்னால் பொன்வட்டம். ஓரவஞ்சனை கூடாதென்று இருவர் நெற்றியிலும் நன்றாகக் குழைத்து வைத்தேன்.

"ஏண்டி, அடுத்தவங்க புஸ்தகம்டி அது" என்று அம்மா ஓடிவந்து ஈரத்துணியால் துடைத்தாள். நெற்றியில் இருந்தது கன்னத்துக்கு இறங்கியதுதான் கண்ட பலன்.

இருவருமாகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். அம்மா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் 'சாரி' என்பதை நாலைந்து முறை சொன்னாள். மாமி அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். பாவம், இத்தனை காலத்துக்குப் பிறகு இவள் கன்னத்தில் ரத்தம் ஓடுகிறது என்றார். எனக்கு உயிர் வந்தது. அம்மாவுக்குத் தேநீரும் வந்தது.

தைரியம் திரும்பியதும், ஒரு வாரமாக அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். பிள்ளை முகவாயைத் தொட்டுக் கூப்பிட்டும் இவள் ஏன் அவனைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கிறாள்?

இந்த ஓவியனின் தாய்மார்கள் எல்லோருமே அப்படித்தான் என்றார் மாமி. பிள்ளை தன்னைவிட்டுப் போகப்போவது அவளுக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்த்தால் தாங்கமாட்டாள்.

அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். "அடுப்புல பால் வச்சுட்டு வந்தேன்" என்று தமிழில் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். அடுப்பில் பால் இல்லை என்பது எனக்குத் தெரியும். வாசலைத் தாண்டியும் பிடி இறுகிக்கொண்டே போனது.

"அம்மா, வலிக்குது" என்றேன். அவள் நடையை எட்டிப் போட்டாள். புத்தகத்தைப் பாழாக்கிய கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இனிமேல் யார் பொருளையும் தொடமாட்டேன், சமர்த்தாக இருப்பேன் என்று வழியெல்லாம் சத்தியம் செய்தேன். அப்படியும் அவள் என் கையைத் தளர்த்தவில்லை.